கோலத்தில் ஒரு கூடுதல் புள்ளி



எங்கள் வீட்டு வாசல் கோலத்தில் மாதத்துக்குப் பத்து நாளாவது ஒரு புள்ளி கூடுதலாக இருக்கும். கறுப்புப் புள்ளி. அதை வைப்பது புல்லட். எந்த வாஷரை மாற்றினாலும் எங்கிருந்தோ ஒரு சொட்டு ஆயில் இறங்கிவிடுகிறது. “ஒண்ணு வண்டி வேற எடத்துல நிக்கணும், இல்ல நான் வேற எடத்துல கோலம் போடணும்” என்று மனைவி தீர்ப்புச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. தீர்ப்பு இன்னும் நிறைவேறவில்லை. அடியில் பழைய பேப்பர் விரித்து வைக்கிறேன். ஒருநாள் அவசரத்தில் நம் இதழையே விரித்துவிட்டு, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் ‘அப்பாவின் வண்டி’ என்று எட்டு வரியில் ஒரு துணுக்குப் போட்டிருந்தோம். இடம் மிச்சமிருந்தது, அதனால் போட்டோம், ஒளிப்பானேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் மற்ற பக்கங்களை யாராவது படித்தீர்களா என்றே சந்தேகம் வருகிறது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா, கணவரின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஸ்டார்ட் ஆகாத காலைகளில் அவர் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பாராம், பெட்ரோல் இறங்கட்டும் என்று. “குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி” என்று எழுதியிருக்கிறார். இதைவிட நன்றாக நான் எழுத முடியாது. சிட்லபாக்கத்து வாசகர் ஒருவர் 1986-இல் வாங்கிய டிவிஎஸ் 50-ஐ இன்னும் விற்கவில்லை. ஓட்டுவதும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே நிற்கிறதாம். அவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை.

அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். விமானப்படை நிலையத்தில் மாற்றல் உத்தரவு வரும் மாதங்களில் கிழக்குத் தாம்பரத்தில் சாமான்கள் மலிவாகக் கைமாறும். பீரோ, சைக்கிள், கோழிக்கூண்டு, ஏன், வளர்த்த நாய்கூட. 1981-இல் அப்படிக் கைமாறியது இந்த வண்டி. 1974 மாடல், 350 சி.சி., ‘எம்’மில் தொடங்கும் மூன்றெழுத்துப் பழைய நம்பர். விலை ரூ. 6,200 என்று அப்பாவின் சிவப்பு டைரியில் இருக்கிறது. அதற்குக் கீழேயே ‘அம்மா வளையல் – 2’ என்றும் இருக்கிறது. விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை.

வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்தது 1985-இல். திறந்த சில மாதங்களில் நாங்கள் நால்வரும் இதே வண்டியில் போனோம். டாங்கின் மேல் நான், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அக்கா, பக்கவாட்டில் கால் தொங்கவிட்டு அம்மா, அம்மா மடியில் புளிசாதத் தூக்கு. ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். டாங்கில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், புல்லட்டின் சத்தம் முதலில் தொடைக்கு வரும், பிறகுதான் காதுக்கு. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. போதாததற்குக் கனத்த ஃபிளைவீல். சிக்னலில் நிற்கும்போது ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ண முடிவது இதனால்தான். அன்று என்ன விலங்குகளைப் பார்த்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. போகும் வழியில் பெருங்களத்தூர் தாண்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் செய்த ஆலையை அப்பா கையால் காட்டியது நினைவிருக்கிறது. அந்த ஆலை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிப்போனது. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. அலுவலகங்கள் நிற்கின்றன.

ஹெரால்டு போய்விட்டது, புல்லட் போகவில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி அது. புல்லட் என்ற பெயரே 1932-இலிருந்து இருக்கிறது. 1950-களில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 வண்டி கேட்டது. அதை ஒட்டி 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் நம்மூர் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை வைத்தன. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் எந்திரங்களும் கப்பலேறி வந்தன, பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. 1970-இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற பெயரில் வண்டி செய்வதே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் அதே எஞ்சின், அதே ஒலி தொடர்ந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. வெள்ளைக்காரர்கள் தங்கள் தாத்தா வண்டியைக் காசு கொடுத்து மெட்ராஸிலிருந்து தருவித்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ இவரே போய் விற்றுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். அதை ஸ்டார்ட் செய்ய வேண்டுமே!

எனக்குப் பதினைந்து வயதில் அப்பா சொல்லிக் கொடுத்த முறை இது. சாவியைத் திருப்பு. ஹெட்லைட் மேலே வட்டமாக அம்மீட்டர் இருக்கிறதா, அதைப் பார். கிக்கரை மெல்ல அழுத்து. முள் இடப்பக்கம் சாயும், அப்புறம் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் உள்ளே பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்து. இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரை இழு, அதுதான் டிகம்ப்ரஸர். உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி விடும். இழுத்தபடியே கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளு. லீவரை விடு. கிக்கரை மேலே வரவிடு. இப்போது உதை. பாதியில் நிறுத்தாதே, முழுசாக உதை. ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே.

தொட்டேன். கிக்கர் திருப்பி அடித்தது. முழங்கால் நான்கு நாள் வீங்கியிருந்தது. “அதுகிட்ட அவசரப்படாதே” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா விளக்கெண்ணெய் எடுத்து வரப் போனார்.

என் மகளிடம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இருக்கிறது. ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்று அதைப் பார்த்தே சொல்ல முடியாது. நான் அம்மீட்டர் முள்ளைக் குனிந்து பார்ப்பதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: “ஏம்ப்பா, இத ஸ்டார்ட் பண்ண என்ட்ரன்ஸ் எக்ஸாம் எதாச்சும் எழுதணுமா?”

அவள் கேட்பதில் தப்பில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வெளியே சொல்லாத சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பிரேக் என்பது ஒரு நம்பிக்கை. பிடித்தால் நிற்கும் என்ற நம்பிக்கை. எங்கே நிற்கும் என்பது வேறு விஷயம். ஆறு வோல்ட் ஹெட்லைட்டுக்கு மின்மினி தேவலை. மேடவாக்கம் சாலையில் இரவு ஏழு மணிக்கு மேல் நான் இந்த வண்டியில் போவதில்லை. போதாதென்று கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வாரம் முழுக்க அலுவலக வண்டியை ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இதில் ஏறினால் கால் குழம்பும். கேம்ப் ரோடு சந்திப்பில் ஒருமுறை பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து ஓர் இளநீர் வண்டியில் போய் முட்டினேன். பதினோரு இளநீருக்குக் காசு கொடுத்தேன். அதில் இரண்டை அங்கேயே நின்று குடித்தேன், படபடப்பு அடங்க.

ஆகவே ‘அந்தக் காலத்து வண்டி மாதிரி வராது’ என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. இப்போது வரும் வண்டிகள் எல்லா விதத்திலும் நல்ல வண்டிகள். பிறகு எதற்கு இந்த இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்? பதில் சேலையூரில் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது.

அங்கேதான் மெக்கானிக் பாயின் ஷெட். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அவர் பாய்தான், இந்த வண்டி அவருக்கு ‘ஐயா வண்டி’தான். நான் ஐயா இல்லை, வெறும் சார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனைப் போல நான் மூச்சைப் பிடித்து நிற்பேன். “டேப்பெட் இல்ல சார். பிக் எண்ட் லேசா பேசுது. ஒரு வருஷம் ஓட்டுங்க, அப்புறம் அதுவே சத்தமாச் சொல்லும்.” சொன்னால் சொன்னதுதான். பதினொன்றாவது மாதம் சொன்னது.

அவர் மகன் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம், ஏ.சி. பஸ், கேன்டீன் சாப்பாடு. பாய்க்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாலு நட்டு முடுக்குறான் சார். நாள் பூரா அதே நாலு நட்டு. வண்டி என்னாத்துக்கு ஓடுதுன்னு கேட்டா, லைன் மேனேஜரக் கேளுன்றான்.” ஷெட்டில் இப்போது எடுபிடிப் பையன் இல்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது நான்.

பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது, புதுப்பேட்டை இருக்கிறது. எனக்குப் பிடித்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய டிரங்க் ரோடு ஓரமாக ரோஜாச் செடி, புறா, கிரைண்டர் கல், உடைந்த கம்ப்யூட்டர், யார் வீட்டுத் தாத்தாவோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் போட்டோ எல்லாவற்றையும் தாண்டிப் போனால் தார்ப்பாயில் பரப்பிய இரும்பு. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, திருகாணி டப்பாவுக்குள் ஓர் அம்மீட்டர் தலைகீழாகக் கிடந்தது. எங்கள் வண்டியின் முள் அப்போது செத்துப்போய் ஆறு மாதம்.

“எவ்ளோண்ணா?”

“எட்நூறு.”

“எட்நூறா! வேலை செய்யுதான்னே தெரியலையே.”

“செய்யலன்னு தெரிஞ்சிருந்தா நூறு சொல்லியிருப்பேன்ல.”

நியாயமான பதில். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டார்ச் செல்லையும் இரண்டு துண்டு ஒயரையும் எடுத்தேன். சந்தைக்குப் போகிற நாளில் இவை இல்லாமல் கிளம்ப மாட்டேன். பின்னால் இருந்த இரண்டு திருகிலும் ஒரு கணம் தொட்டேன். முள் துள்ளி ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. அவரும் குனிந்து பார்த்தார். முள் அசைந்ததால் விலை குறையாது என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஐந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. வாங்கியதைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்து, மின்சார ரயிலில் தாம்பரம் வந்தேன். அன்று நான் அடைந்த சந்தோஷத்துக்கு ஐந்நூற்றைம்பது ரொம்பக் குறைவு.

(ஓர் இடைக்குறிப்பு. சைலன்சருக்குக் குரோம் பூச வேண்டுமானால் குரோம்பேட்டைக்குத்தான் போக வேண்டும், அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்று பத்து வயது வரை நம்பியிருந்தேன். குரோம் முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் என்று தெரிந்தபோது மனசு கொஞ்சம் உடைந்தது.)

புல்லட் புராணமாகவே போகிறது என்று யெஸ்டி வீட்டார் முணுமுணுப்பது கேட்கிறது. மைசூரில் ஐடியல் ஜாவா 1961-இல் வண்டி செய்யத் தொடங்கியது. 1973-இலிருந்து அதுவே யெஸ்டி ஆனது, 1996-இல் ஆலை மூடப்பட்டது. இரட்டை சைலன்சர், உதைக்கிற கிக்கரையே முன்னால் மடக்கினால் அதுதான் கியர். இப்படி ஒரு சிக்கனத்தை யோசித்தவன் நிச்சயம் நம் அம்மாக்களிடம் வளர்ந்திருப்பான்.

முடிச்சூரில் என் நண்பர் ஒருவரிடம் ஒரு யெஸ்டி இருந்தது, இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் தெருவுக்கு என்ன ஆனது என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருவும் அதுவாக இருந்திருக்கலாம். அவர் குடும்பம் மாடியில் மூன்று நாள். கீழே காரும் யெஸ்டியும் தண்ணீருக்குள். வடிந்த பிறகு கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு இன்ஷூரன்ஸ்காரரிடம் போனது, திரும்பவில்லை. யெஸ்டியைப் பார்க்கப் பாய் வந்தார். டாங்கைக் கவிழ்த்தார், பிளக்கைக் கழற்றினார், வண்டியைத் தலைகீழாகச் சாய்த்து உள்ளே இருந்த சேற்றுத் தண்ணீரை உதைத்து உதைத்தே வெளியேற்றினார். டீசல் ஊற்றிக் கழுவினார். கார்புரேட்டரைப் பிரித்து வெயிலில் வைத்தார். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். வெயிலும் அன்றைக்குத்தான் வந்தது. சாயங்காலம் நான்காவது உதையில் ‘டப்’ என்றது. ஏழாவதில் பிடித்துக்கொண்டது. தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை. சேறு வாரிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் ஓடிய முதல் எஞ்சின் அது. நண்பர் அதில்தான் போய்ப் பால் வாங்கி வந்தார், ஏழு வீட்டுக்கும்.

இதெல்லாம் நடந்தது இந்த வண்டிகள் ஓடுகிற வண்டிகளாக இருந்ததால். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றினேன்.

பழைய வண்டிகளுக்கு இப்போது ஒரு மவுசு. 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100 இருக்கிறதே, 98 சி.சி. வண்டி, புதுப்பித்தது என்றால் லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். வாங்குகிற பையன்களில் பாதிப் பேர் அது நின்றுபோன பிறகு பிறந்தவர்கள். வாங்கட்டும், நல்லது. ஆனால் வாங்கி, பெயின்ட் அடித்து, மினுக்கி, உறை போட்டு மூடி, ஆயுதபூஜைக்கு மட்டும் திறந்து பொட்டு வைப்பதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நிற்கிற வண்டி சாகும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கில் மாதக்கணக்கில் தேங்கினால் அடியில் துரு, கார்புரேட்டரில் பசை, பழைய ரப்பர் வாஷர் எல்லாம் ஊறிப்போகும். வாரம் ஒருமுறை ஓட்டினால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி வராது.

2024-இல் எங்கள் வண்டிக்கு ஐம்பது நிறைந்தது. ஐம்பது ஆனால் அது ‘விண்டேஜ்’. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, உருமாற்றம் செய்யாத ஐம்பது வயது வண்டியை அப்படிப் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவாவதற்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர், கட்டணம் ரூ. 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த புரோக்கர் இதையெல்லாம் ஆசை காட்டினார். “சார், உங்க வண்டிக்கு ஒரு அந்தஸ்து கெடைக்கும்.”

விதியை முழுதாகப் படித்தேன். அந்த அந்தஸ்து கிடைத்த வண்டியைக் கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம், விண்டேஜ் ஊர்வலத்துக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது. பழமையைக் காப்பாற்றும் நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வருவது அந்தப் பட்டியலில் இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாச் சாதாரண வண்டியையும் போல ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பசுமை வரியைக் கட்டிவிட்டு வருகிறேன். புரோக்கர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆயாவுக்கு என் பெயர் தெரியாது, நான் பத்திரிகை நடத்துவதும் தெரியாது. சத்தம் திரும்பும்போதே முருங்கைக் கீரையில் இரண்டு கட்டு எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். போன மாதம் கிளட்ச் பிளேட் போய் இரண்டு வாரம் ஸ்கூட்டரில் போனேன். கூட்டத்தில் என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் புல்லட்டில் போனதும், “என்னா புல்லட்டு, ரெண்டு வாரமா ஊர்ல இல்லியா?” என்று கேட்டார்.

சிட்லபாக்கம் வாசகருக்கு: அந்த டிவிஎஸ் 50-ஐ மாடிப்படிக்கு அடியிலிருந்து இந்த வாரமே வெளியே இழுங்கள். பெட்ரோலை வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் பெடலை மிதித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் சேலையூருக்கு வாருங்கள், வேப்பமரத்தைக் காட்டுகிறேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க இன்னும் ஒரு ஆள் இருந்தால் பாய்க்கு உதவியாக இருக்கும்.

மற்றவர்கள் உங்கள் வீட்டு வண்டியின் படத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் எங்களுக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள். நம்பர் பிளேட்டைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். துடைத்து மினுக்கி எடுத்த படம் வேண்டாம், மார்க்கெட் பை தொங்குகிற படம் இருந்தால் அதையே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்